மலைநாட்டில் பகல் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

பாடசாலை விடுமுறை நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலைநாட்டு விடுதியில் தங்கி அக்கம்பக்கம் சுற்றிப் பார்ப்பது பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

நுவரெலியாவில் தங்கி ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். விடுதியில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எட்டு மணிக்குப் புறப்பட்டோம். உலக முடிவில் போய் நின்றால் கண்ணுக்கு முன்னால் வெறும் வெள்ளை. ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தும் மூட்டம் விலகவில்லை. போன பருவம் பிழையா, எங்கள் அதிர்ஷ்டம் பிழையா?
– வாசகர், வவுனியா

இரண்டும் இல்லை. அந்தக் காலைச் சாப்பாடுதான் பிழை.

உலக முடிவில் நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது. கீழே தெற்குப் பக்கம் பலாங்கொடை, பெலிஹுல் ஓயாப் பகுதியின் தாழ்நிலம். சூரியன் ஏற ஏற அந்தத் தாழ்நிலமும் மலைச்சரிவும் சூடாகி, ஈரக்காற்று பாறைச் சுவரோடு ஒட்டி மேலே ஏறும். ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று ஆறு பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும். அதிலுள்ள ஈரம் விளிம்பை அடைவதற்குள் முகிலாகிவிடும். ஒன்பது மணியளவில் பஞ்சுபோல் கீழே தெரியத் தொடங்குவது பத்து மணிக்குள் விளிம்பை மூடிவிடும். வெயில் வந்தால் மூட்டம் கலையும் என்பது ஊர்க் கணக்கு. இங்கே மூட்டத்தை மேலே தள்ளுவதே வெயில்தான். காத்திருக்கக் காத்திருக்க அது தடிக்குமே தவிர விலகாது.

ஆகவே நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். எட்டு மணிக்கு விளிம்பில் நிற்க வேண்டும். நடை தொடங்கும் ஃபார் இன் என்ற இடத்திலிருந்து அங்கே நான்கு கிலோமீற்றர் அளவு நடை. படம் எடுத்து, மூச்சு வாங்கிப் போக ஒன்றேகால் மணித்தியாலம் பிடிக்கும். நடையை ஆறரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் தொடங்க வேண்டும். வாயில் ஆறு மணிக்குத் திறக்கும். நுழைவுச்சீட்டு வரிசைக்கும் பைச் சோதனைக்கும் கொஞ்சம் நேரம் போகும். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிபொல வழியாக 32 கிலோமீற்றர், வளைவுப் பாதை. அதிகாலை நாலே முக்காலுக்கு வண்டி நகர வேண்டும். அப்புத்தளையிலிருந்து பொரலந்தை, ஒஹிய வழியாக வருபவர்கள் இன்னும் அரை மணித்தியாலம் முந்த வேண்டும்.

சுற்றுப்பாதை மொத்தம் சுமார் 9 கிலோமீற்றர். பாதை பிரியும் இடத்தில் பலர் அருவி பார்க்கும் ஆசையில் பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் உலக முடிவை அடைவதற்குள் நேரம் போய்விடும். சின்ன உலக முடிவு முதலில், பிறகு பெரியது, திரும்பும் வழியில் பேக்கர். அந்த அருவி 20 மீற்றர்தான். மூட்டத்திலும் அதன் அழகு குறையாது, அவசரமே வேண்டாம்.

வாயிலில் பொலித்தீன் பிடிபடும். பிஸ்கட் உறையைக் கழற்றிக் கடதாசியில் போட்டுத் தருவார்கள். சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுபோனால் அந்தத் தொல்லை இல்லை. தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும், உள்நாட்டவருக்கான கட்டணத்துக்கு அதுதான் சான்று. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உறவினருக்குக் கட்டணம் பல மடங்கு. அதை வாயிலில் நின்று விவாதித்துப் பயனில்லை. கழிப்பறை ஃபார் இன் பக்கத்தில்தான், சுற்றுப்பாதையில் இல்லை. தை, மாசியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி படியும். காற்றுத் தடுக்கும் மேலங்கி வேண்டும். ஒன்பது மணிக்கு அதைக் கழற்றும்போது முகத்துக்கு வெயில் பூச்சும் போடுங்கள். 2,100 மீற்றருக்கு மேலே குளிர்காற்றில் தோல் எரிவது தெரியாது, இரவில்தான் தெரியும். வாகனத் தரிப்பிடத்துக்கு வரும் மரைகளுக்குப் பாண் கொடுப்பது தடை. பாண் வாசம் பழகிய மரை பையோடு சேர்த்துத் தின்கிறது.

விளிம்பைப் பற்றி ஒன்று. படம் எடுப்பதற்காகப் பின்னால் அடி வைப்பவர்தான் அங்கே விழுகிறார். பிள்ளைகளின் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்து பேர் வருகிறோம். பிள்ளைகளுக்கு 6, 11 வயது. அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று இரவுகள். நுவரெலியாவில் ஒரே விடுதியில் தங்கிக்கொண்டு ஹோட்டன் சமவெளி, எல்ல, தியலும அருவி, லிப்டன் இருக்கை, துன்ஹிந்த அருவி எல்லாவற்றையும் முடிக்கலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

முடிக்கலாம், வண்டியின் கண்ணாடி வழியாக. மலைநாட்டில் தூரத்தைக் கிலோமீற்றரில் பார்ப்பதுதான் முதல் பிழை. நுவரெலியாவிலிருந்து எல்லவுக்கு அறுபது கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், வர அதே அளவு. தியலுமவுக்கு இன்னும் கூட. கைத்தொலைபேசி வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி போனால் அதுவும் போதாது.

இரண்டு விடுதிகள் பிடியுங்கள். முதல் இரவு நுவரெலியாவில், மற்ற இரண்டும் பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ. இதற்கு வீதி மட்டும் காரணமில்லை, மழையும் காரணம். பட்டிபொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் ரயில் பாதை அதன் உச்சியான 1,898 மீற்றரைத் தொடுகிறது. அங்கே உள்ள சுரங்கத்தின் மேற்கு வாயில் மத்திய மாகாணத்தில், கிழக்கு வாயில் ஊவாவில். தென்மேற்குப் பருவத்தில், வைகாசி முதல் புரட்டாதி வரை, மேற்குப் பக்கம் நனையும். ஊவா காய்ந்து காற்று வீசும். மார்கழி, தையில் மறுபக்கம்: ஊவாவில் அடைமழை, நுவரெலியாப் பக்கம் பெரும்பாலும் பரவாயில்லை. பங்குனி, சித்திரை, ஐப்பசியில் இரு பக்கமும் காலை தெளிவு, பிற்பகல் இடிமழை. இரு சரிவிலும் ஒவ்வோர் இடம் இருந்தால் ஒரு பக்கம் மழை பிடித்தாலும் பயணம் முழுவதும் கெடாது.

நாட்களை இப்படி வைத்துப் பாருங்கள். வரும் நாளில் எதையும் போடாதீர்கள். கண்டியிலிருந்து இறம்பொடை வழியாக ஏறும்போது 109 மீற்றர் இறம்பொடை நீர்வீழ்ச்சி வீதியிலிருந்தே தெரியும், அன்றைக்கு அது போதும். மறுநாள் அதிகாலை ஒருவர் மூத்த பிள்ளையோடு ஹோட்டன் சமவெளிக்குப் போகட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு 9 கிலோமீற்றர் அதிகம், ஐந்தாவது கிலோமீற்றரில் தூக்கச் சொல்லும். மற்றவர் சின்னவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு விக்டோரியா பூங்காவில் ஆறுதலாக நடக்கலாம். பறவை பார்ப்பவர்கள் அந்தச் சின்னப் பூங்காவுக்கென்றே வருகிறார்கள், குளிர்கால வலசைப் பறவைகளுக்காக.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டிகளை ஏற்றி வெலிமடை வீதியால் இறங்குங்கள். வழியில் சீத்தா எலிய அம்மன் கோயில், அடுத்து ஹக்கல தாவரவியற் பூங்கா, ஊரிலிருந்து பத்து கிலோமீற்றர். 1861இல், மலேரியா மருந்து தரும் சிங்கோனா மரப் பயிருக்காகத் தொடங்கிய தோட்டம் அது. வாயிலுக்கு அருகிலுள்ள பாதைகள் அம்மாவுக்குச் சரி, மேற்பகுதி ஏற்றம். மாலை ஐந்துக்குள் பண்டாரவளையில் இருப்பீர்கள். அந்த வீதியில் இருட்டில் இறங்காமல் இருப்பது நல்லது.

மூன்றாம் நாள் விடியற்காலை லிப்டன் இருக்கை என்னும் மலைக் காட்சிமுனை. தம்பதென்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்கு அப்பால் ஏழு கிலோமீற்றர் அளவு தோட்டப் பாதை, ஓட்டோ ஏறும். அம்மாவும் வரலாம், கடைசியில் கொஞ்ச நடைதான். உயரம் 1,970 மீற்றர். மூட்டக் கணக்கு இங்கேயும் அதேதான், ஏழு மணிக்கு அங்கே நில்லுங்கள். ஓட்டோவில் ஏறிவிட்டு, அம்மாவும் சின்னவரும் தவிர மற்றவர்கள் இறங்கும்போது நடந்து வருவதுதான் எங்கள் விருப்பம். கொழுந்து பறிப்பவர்கள் மலைக்கு வரும் நேரம் அது. அவர்களைப் படம் எடுப்பதானால் கேட்டு எடுங்கள்.

அன்று பிற்பகல் எல்ல. அங்குள்ள சின்ன சிவனொளிபாதம் என்னும் குன்று 1,141 மீற்றர், பெரும்பகுதி தேயிலைக்கு நடுவே சமமான பாதை, கடைசியில் படிகள். இரண்டு பிள்ளைகளும் ஏறுவார்கள். அம்மாவுக்கு வேண்டாம்.

துன்ஹிந்தவைத் திரும்பும் நாளுக்கு வையுங்கள். பதுளை – மகியங்கனை வீதியால் வடக்கே போனால் அது வழியில்தான். வீதியிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் நடை, இறக்கமும் படிகளும் உண்டு. முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடுமை என்பதால் அம்மா வண்டியில் இருக்கட்டும். தியலுமவை இம்முறை விட்டுவிடுங்கள்.

எந்த நீர்வீழ்ச்சிகளில் இறங்கிக் குளிக்கலாம்? உயரமானது எது? சில அருவிகளில் தண்ணீரே இல்லாமல் ஏமாந்தோம்.
– வாசகர்கள் பலர்

உயரத்தில் முதலாவது பம்பரகந்தை, 263 மீற்றர். கொழும்பு – பதுளை வீதியில் கலுபஹனையிலிருந்து உள்ளே ஏற வேண்டும். அடுத்தது கொஸ்லாந்தைக்கு அருகே 220 மீற்றர் தியலும. இரண்டும் சிறிய நீர்ப்பிடிப்பை நம்பிய அருவிகள். மழை நின்று சில வாரம் ஆனால் பம்பரகந்தை பாறையில் தொங்கும் நூல்தான். உயரம் பெரிதென்று நம்பி வறட்சியில் போகிறவர்களே ஏமாறுகிறார்கள். நீர்ப் பெருக்கில் துன்ஹிந்த, 64 மீற்றர்தான் என்றாலும், இவற்றைவிட நம்பகமானது.

தலவாக்கலைப் பக்கம் டெவன் 97 மீற்றர், சென் கிளயர் 80 மீற்றர். இரண்டையும் ஹற்றன் – நுவரெலியா வீதியிலிருந்தே பார்க்கலாம். சென் கிளயரில் நீர் மெலிந்திருப்பதற்கு வறட்சி மட்டும் காரணமில்லை. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குத் தண்ணீர் மேலேயே திருப்பப்படுகிறது. அருவிக்காகப் பகல் வேளையில் ஓரளவு திறந்துவிடுகிறார்கள். அதிகாலையில் போய் நின்று, பாறையைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

குளிப்பதைப் பற்றி: அருவி நேரே விழும் குழியில் எங்கேயும் இறங்காதீர்கள். விழும் நீர் ஆளைக் கீழே அழுத்தும். நுரை கலந்த நீரில் காற்று நிறைந்திருப்பதால் உடல் மிதக்காது, நல்ல நீச்சல்காரரும் அங்கே மூழ்கிப் போயிருக்கிறார்கள். துன்ஹிந்த பார்ப்பதற்கு மட்டும். எல்ல – வெல்லவாய வீதியோரம் உள்ள ராவணன் நீர்வீழ்ச்சி 25 மீற்றர், கூட்டம் கூடும் இடம். அனுமதித்த கீழ்ப்பகுதியை விட்டு மேலே ஏறும் பாறைதான் உயிர் வாங்கும் இடம். தியலுமவின் மேல் குளங்கள் எல்லோரும் படம் போடும் இடம். பூனாகலைப் பக்கமாக வந்தால் அரை மணி முதல் முக்கால் மணி நடை. குளத்தில் இருக்கலாம், ஆனால் விளிம்போரக் கடைசிக் குளத்தில் வேண்டாம்.

இறங்குமுன் மேலே பாருங்கள், உங்கள் தலைக்கு மேலே அல்ல, ஆறு வரும் மலைக்கு மேலே. அங்கே கறுத்திருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் வெள்ளம் வரும். அறிகுறிகள் இவை: தெளிந்த நீர் கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் தடிக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலே கரைக்கு ஏறுங்கள். உடுப்பை எடுக்க மறுகரைக்குப் போகாதீர்கள். பாறையில் கறுப்பாகப் பளபளக்கும் இடம் பாசி. வெளிறிச் சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் கால் வையுங்கள்.

செருப்போடு போனால் என்ன?
– வாசகர், மட்டக்களப்பு

லிப்டன் இருக்கைக்கு ஓட்டோவில் போனால் ஒன்றும் இல்லை. மற்ற எல்லா இடத்துக்கும் அடி தேயாத சப்பாத்து. புதுச் சப்பாத்தாக இருந்தால் வீட்டில் ஒரு வாரம் போட்டு நடந்த பிறகு.

அட்டைக்குப் பயந்தே மகள் காட்டுப் பாதைக்கு வர மறுக்கிறாள். உப்பா, சவர்க்காரமா, எது சரி?
– வாசகி, கொழும்பு

மகளிடம் முதலில் சொல்ல வேண்டியது: இங்குள்ள அட்டை கடித்து நோய் பரவுவதாக அஞ்ச வேண்டியதில்லை. இரத்தம் நிற்காமல் வடிவது பார்க்கப் பயமாக இருக்கும். அட்டையின் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதுதான் காரணம்.

தடுப்பது எடுப்பதைவிட எளிது. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் வெளிப்புறத்திலும் சப்பாத்து நாக்கிலும் ஈரச் சவர்க்காரக் கட்டியைத் தடிப்பாகத் தேய்த்துக் காயவிடுங்கள். மழையில் கரைந்துவிடும் என்பதால் ஒரு துண்டு பையில் இருக்கட்டும். நெருங்கிய இழையில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறை கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரணக் காலுறையின் இழைக்குள்ளால் அட்டை நுழையும். கூட்டமாகப் போகும்போது முன்னால் நடப்பவர் அதிர்வால் அட்டையை எழுப்பிவிடுவார், பின்னால் வருபவருக்குத்தான் அதிகம் ஏறும். மகளை முன்னால் விடுங்கள். ஈரப் புல்லில் நின்று கதைக்க வேண்டாம்.

கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள். நகத்தைத் தோலோடு படுக்கவைத்து, மெல்லிய முனைப் பக்கமாகத் தள்ளினால் பிடி விடும், பிறகு மறு முனை. உப்போ தேசிக்காய்ச் சாறோ போட்டாலும் விழும். ஆனால் விழுமுன் உள்ளே இருப்பதைக் காயத்தில் கக்கும், அதுவே சொறிக்கு வழி. நெருப்புக்கும் அதே குறை. பிறகு கழுவி, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டுங்கள். இரண்டு மூன்று நாள் அரிக்கும். சொறியாமல் இருந்தால் ஆறிவிடும்.

முதல்முறை சொந்தக் காரில் மலைக்குப் போகிறோம். இறங்கும்போது பிரேக் கருகும் வாசம் வரும் என்கிறார்களே?
– வாசகர், திருகோணமலை

வரும், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால். பிரேக் தட்டு சூடேறிப் பிடிமானம் குறையும். இன்னும் சூடானால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும். அப்போது மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது.

வழி பழையதுதான். ஏறப் போடும் கியரிலேயே இறங்குங்கள்: செங்குத்தில் இரண்டாவது, கூர் வளைவில் முதலாவது. கியரை இறக்கம் தொடங்குமுன் மாற்றுங்கள், நடுச்சரிவில் அல்ல. இயந்திரம் சத்தம் போடும், போடட்டும். வண்டியைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சத்தம்தான். தானியங்கிக் கியர் வண்டியில் 'எல்' அல்லது '2' என்ற நிலைக்கு மாற்றுங்கள். 'டி'யில் விட்டுவிட்டு இறங்குபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பிரேக்கை விட்டு விட்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் அழுத்தமாக மிதியுங்கள். மென்மையாகத் தொடர்ந்து மிதிப்பதே சூட்டை ஏற்றும். நியூட்ரலில் இறங்கி எரிபொருள் மிச்சம் பிடிப்பதை நினைக்கவே வேண்டாம். கருகல் வாசம் வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டு வெடிக்கும்.

இதற்கெல்லாம் கவனம் வேண்டிய இறக்கங்கள்: நுவரெலியா – இறம்பொடை, நுவரெலியா – வெலிமடை, எல்ல – வெல்லவாய. மூட்டத்தில் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்தினால் ஒளி முகிலில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஒடுங்கிய தோட்டப் பாதையில் ஏறி வருபவருக்கு வழி விடுவது மலைநாட்டு வழக்கம். எரிபொருளை ஊரிலேயே நிரப்புங்கள், பட்டிபொல தாண்டினால் தேட வேண்டியிருக்கும்.

நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போக விருப்பம். எந்தப் பக்கம் இருந்தால் நல்லது? ஒன்பது வளைவுப் பாலத்துக்குத் தண்டவாளத்தில் நடந்து போகலாமா?
– வாசகி, கிளிநொச்சி

ஒஹிய தாண்டியதும் அப்புத்தளை வரை வலது பக்கம். பாதை மலை விளிம்போடு போகும், தெற்கே தாழ்நிலம் விரியும். இதல்கஸ்ஹின்னையில் முதுகுபோன்ற மேட்டில் ரயில் நிற்கும், அங்கே இரு பக்கமும் பள்ளத்தாக்குத்தான். ஆசனப் பதிவுகள் முன்னரே தீர்ந்துவிடும். பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பில் ஏறுவதானால் வார நாளில் போங்கள். அடைமழைக்குப் பிறகு மண்சரிவால் பாதை அடைபடுவதுண்டு. புறப்படுமுன் நிலையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். நானுஓயா நிலையம் நுவரெலியா நகரிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது, அதற்கும் அரை மணித்தியாலம் வேண்டும்.

தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்க, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் வளைவும் மலையை வெட்டிய ஒடுங்கிய வழியும் அதிகம். இறக்கத்தில் வரும் ரயில் உறுமாமல் உருண்டு வரும், வளைவு திரும்பிய பிறகுதான் தெரியும். பாலத்துக்குச் சின்ன சிவனொளிபாதப் பக்க வீதியிலிருந்து இறங்கும் காட்டுப்பாதை இருக்கிறது. இருபது நிமிட இறக்கம், மழைக்குப் பின் வழுக்கும். பாலம் 91 மீற்றர் நீளம், கல்லும் சீமெந்தும், இரும்பே இல்லை. ரயில் அதன்மேல் ஓடும் நேரத்தில் பார்க்க விரும்பினால் எல்ல நிலையத்தில் அன்றைய நேரத்தைக் கேளுங்கள். விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையை நம்ப வேண்டாம். தாமதம் வழமை.

நேரம் இருந்தால் அடுத்த நிலையமான தெமோதரைக்கும் போய் வாருங்கள். அங்கே பாதை ஒரு வட்டம் அடித்து, நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தால் வெளியே போகிறது. பிள்ளைகள் பாலத்தைவிட இதைத்தான் ரசிப்பார்கள்.

விடுதியில் முன்கூட்டியே என்னென்ன பேசி வைக்க வேண்டும்?
– வாசகர், மன்னார்

முதல் கேள்வி, அதிகாலை நான்கரைக்குக் கேற் திறப்பார்களா. பல சிறு விடுதிகளில் காவலாளி ஆறு மணிக்குத்தான் எழுவார். இரண்டாவது, காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பார்சல் தருவார்களா. பெரும்பாலும் தருவார்கள், முதல் நாள் மாலை ஆறுக்குள் சொன்னால். ரொட்டியும் கட்டைச் சம்பலும் அவித்த முட்டையும் கேளுங்கள். சாண்ட்விச் ஈரமாகிப் போகும். பிளாஸ்கில் சுடுநீரை இரவே நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

சுடுநீர் மின்சாரத்திலா, சூரிய வெப்பத்திலா என்பதையும் கேளுங்கள். சூரியத் தொட்டி என்றால் இரண்டு மூட்டமான நாளுக்குப் பிறகு விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்தான். முதல் நாள் மாலையே குளித்துவிடுவது புத்தி.

வான் அல்லது ஓட்டோ பேசும்போது நான்கைத் தெளிவாக்குங்கள்: எத்தனை கிலோமீற்றர் அடக்கம், அதற்கு மேல் ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு, காத்திருப்புக் கூலி உண்டா, சாரதிக்கும் வாகனத்துக்குமான நுழைவுச்சீட்டு யார் தலையில். ஹோட்டன் சமவெளியில் நான்கு மணித்தியாலம் வண்டி சும்மா நிற்கும், சச்சரவு வருவது அங்கேதான். போகும் இடங்களை வரிசையாகக் கடதாசியில் எழுதிக் கொடுத்தால் நடுவழியில் வாசனைத் தோட்டத்துக்கும் மாணிக்கக் கடைக்கும் திரும்பும் பேச்சு குறையும். அதிகாலைப் பயணத்துக்கு வரும் சாரதி முதல் நாள் இரவு எத்தனை மணி வரை ஓடினார் என்றும் விசாரியுங்கள்.

மழை தொடர்ந்தால் பயணத்தை நிறுத்த வேண்டுமா?
– வாசகி, வவுனியா

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற்றம். மஞ்சளிலேயே அருவிகளையும் செங்குத்து வீதிகளையும் தவிருங்கள். செம்மஞ்சளில் விடுதியின் பின்புறம் மண் வெட்டிய சரிவாக இருந்தால் வேறு இடம் மாறுங்கள். வீதியில் புதிய வெடிப்பு, மேட்டிலிருந்து திடீரெனக் கலங்கல் ஊற்று, சாய்ந்த மரங்கள், கம்பங்கள் கண்டால் நின்று பார்க்காதீர்கள், திரும்புங்கள்.

தூறல் மட்டும் என்றால் ஹக்கலையும் தேயிலைத் தொழிற்சாலையும் கெடுவதில்லை. அப்புத்தளையில் அடிசம் பங்களா இருக்கிறது, 1931இல் கட்டியது, இப்போது துறவியர் மடம். வார இறுதியிலும் பௌர்ணமி விடுமுறையிலும் பாடசாலை விடுமுறையிலும்தான் திறப்பார்கள்.

இதே பயணத்தில் சிவனொளிபாத மலையும் சேர்க்கலாமா?
– வாசகர், அம்பாறை

மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி வெசாக் வரை என்றால் சேர்க்கலாம், ஆனால் அது பகல் பயணம் அல்ல. மலை அடிவாரத்து நல்லதண்ணியில் ஓர் அறை எடுத்து நள்ளிரவு கடந்து ஏறத் தொடங்க வேண்டும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மறுநாள் கால் எதற்கும் உதவாது என்பதால் அதைக் கடைசி நாளாக வையுங்கள். மற்ற மாதங்களில் பாதை விளக்கும் இல்லை, கடைகளும் இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் நடக்கும்போது குளவி துரத்தினால்?
– வாசகி, கொழும்பு

தோட்டத் தொழிலாளர்களுக்கு இது அன்றாட ஆபத்து. அவர்கள் ஒரு மரத்தைச் சுட்டி அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றால் கேள்வி கேட்காமல் திரும்புங்கள். வாசனைத் திரவியம் பூசிப் போகாதீர்கள், கல் எறியாதீர்கள், மரத்தடியில் புகை போடாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தையும் கழுத்தையும் மேலங்கியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். கட்டடமோ வண்டியோ கிடைக்கும் வரை நிற்க வேண்டாம். தண்ணீருக்குள் குதித்தால் தலையைத் தூக்கும் இடத்தில் காத்திருக்கும். பல கொட்டுகள் விழுந்திருந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, உதடு வீங்கினாலோ அருகிலுள்ள தோட்ட வைத்தியசாலைக்கு உடனே போங்கள். அல்லது 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், கட்டணம் இல்லை.